அச்சக மனையில் இரண்டு வருடம்

*குடும்பக் குழு, சனிக்கிழமை*

*காலை 7:10*

அத்தை: [புகைப்படம்]

அத்தை: பாருங்கள். நேற்று ராத்திரி யாரோ தகர வேலிக்கு மேலே பழைய மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அச்சகத்தை இடித்து நான்கு வருடம் ஆகிறது. என் ஜன்னலைத் திறந்தாலே இந்தக் காட்சிதான்.

நான்: அத்தை, அதைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். வியாழக்கிழமை மனைக்காரரைப் பார்த்தேன். வரைபட அனுமதி, வங்கிக் கடன் எல்லாம் முடிய இன்னும் இரண்டு வருடம் ஆகும் என்றார். அதுவரை தெருக்காரர்கள் பயன்படுத்திக்கொள்ளலாமா என்று கேட்டேன். முடியாது என்று சொல்லவில்லை. "எழுதிக் கொண்டு வா, பார்க்கிறேன்" என்றார்.

அண்ணி: உண்மையாகவா! பிள்ளைகள் ஓடியாட ஓர் இடம் கிடைக்குமே.

பெரியப்பா: கொஞ்சம் பொறு. மனைக்காரர் இடத்திலிருந்து யோசித்துப் பார். இன்றைக்குச் செடி வைக்கிறோம் என்பீர்கள். இரண்டு வருடம் கழித்து அவர் பொக்லைனோடு வந்தால் மரத்தைக் கட்டிக்கொண்டு நிற்பீர்கள். முப்பது வருடம் நிலப் பத்திரங்களோடு வேலை பார்த்தவன் நான். உள்ளே விட்டவரை வெளியே அனுப்புவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

நான்: நியாயமான பயம்தான் பெரியப்பா. பெர்லினில் டெம்பல்ஹோஃப் விமான நிலையத்தை 2008-இல் மூடினார்கள். 2010-இல் ஓடுபாதையோடு மைதானம் முழுவதையும் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஓரங்களில் வீடு கட்ட நகர நிர்வாகம் திட்டம் போட்டபோது, 2014 வாக்கெடுப்பில் மக்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்குப் பிடித்த முடிவுதான். ஆனால் அது பொது நிலம். தனி ஒருவருடைய மனையில் அப்படி நடந்தால் அப்புறம் எந்த மனைக்காரரும் பூட்டைத் திறக்கமாட்டார்.

பெரியப்பா: அதைத்தான் நானும் சொல்கிறேன்.

நான்: அதனால்தான், எப்போது வெளியே வருவோம் என்பதை முதலில் பேசி முடிப்போம், உள்ளே போவதை அப்புறம் பேசுவோம் என்கிறேன். அதே பெர்லினில் மோரிட்ஸ்பிளாட்ஸ் சதுக்கத்தில் ஏறக்குறைய 6,000 சதுர மீட்டர் இடம் பல பத்தாண்டுகள் குப்பையும் புதருமாகக் கிடந்தது. 2009-இல் அக்கம்பக்கத்தார் சேர்ந்து சுத்தம் செய்து தோட்டம் போட்டார்கள். பிரின்செஸினென்கார்ட்டன் என்று பெயர். செடிகளைத் தரையில் நடாமல் பிளாஸ்டிக் கூடைகளிலும் சாக்குகளிலும் வளர்த்தார்கள். கிளம்ப வேண்டிய நாள் வரும் என்று தெரிந்தே செய்த ஏற்பாடு அது. 2019 முடிவில் அவர்களில் ஒரு பகுதியினர் ஒரு பழைய கல்லறைத் தோட்டத்துக்கு இடம் மாறிப்போனார்கள், செடி தொட்டியோடு.

*காலை 8:25*

அண்ணன்: இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். தரையில் நடாததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மண். நம் மனையில் இருந்தது அச்சகம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அத்தை: அதனால் என்ன தம்பி? நான் பாவாடை கட்டிய காலத்திலிருந்து பார்த்த அச்சகம். ராத்திரி எல்லாம் தட் தட் என்று சத்தம் கேட்கும். பின்வாசலில் தேய்ந்துபோன எழுத்துகளைக் கொட்டி வைத்திருப்பார்கள். நாங்கள் பொறுக்கி விளையாடியிருக்கிறோம்.

அண்ணன்: அத்தை, அந்த எழுத்துகள்தான் எனக்குக் கவலை. கையால் அச்சுக் கோத்த காலத்து எழுத்தில் பெரும்பகுதி ஈயம். கொஞ்சம் அந்திமனி என்ற உலோகமும் வெள்ளீயமும் சேர்த்து வார்ப்பார்கள். ஈயம் மக்கிப் போகாது, மண்ணிலேயே தங்கிவிடும். இடித்த கட்டடத்தின் பழைய பெயிண்டிலும் இருந்திருக்கலாம். செடி வழியாக உடம்புக்குள் போவதைவிட, சின்னப் பிள்ளைகள் மண்ணில் விளையாடிய கையை வாயில் வைப்பதுதான் பெரிய ஆபத்து.

அண்ணி: ஐயோ. அப்படியானால் வேண்டவே வேண்டாம்.

அண்ணன்: வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் நாலைந்து இடத்தில் மண் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவோம். ஈயம் அதிகம் என்று வந்தால், ஒரு வேர்கூட வெறும் தரையைத் தொடாதபடி கெட்டியான துணி விரிப்புப் போட்டு, அதன்மேல் பலகைப் பாத்தி கட்டி வெளியிலிருந்து நல்ல மண் கொண்டுவந்து நிரப்பலாம். நடக்கிற, விளையாடுகிற இடத்தில் வெறும் மண்ணே கண்ணில் படாதபடி புல்லோ மரச் சீவலோ மூடிவிட வேண்டும். பயிரிலும் கவனம் தேவை. கீரையிலும் கிழங்கிலும் ஈயம் சேரும் அளவுக்குக் காய்களில் சேராது. ஆனால் சோதனை முடிவு கைக்கு வரும்வரை ஒரு குழந்தையும் உள்ளே போகக்கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

நான்: சரி அண்ணா. எழுதுகிற தாளில் இதுவும் வரும்.

சித்தப்பா: தண்ணீருக்கு என்ன வழி? சாவி யாரிடம்? யாராவது விழுந்து அடிபட்டால் யார் பொறுப்பு?

நான்: தண்ணீரை அத்தை வீட்டுக் குழாயிலிருந்து எடுக்கலாம், தனி மீட்டர் வைத்து. சாவி இரண்டு பேரிடம். அடிபட்டால் என்ற கேள்விக்குக் காப்பீடுதான் வழி. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2010, 2011 நிலநடுக்கங்களுக்குப் பிறகு ஊர் நடுவே மனை மனையாகக் காலியாகிவிட்டது. அங்கே மனைக்காரருக்கும் பயன்படுத்துகிறவர்களுக்கும் நடுவில் நின்று ஒப்பந்தம், காப்பீடு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளவே 2012-இல் ஓர் அமைப்பு தொடங்கினார்கள். இங்கே அந்த வேலையை நம் தெருச் சங்கம் செய்ய வேண்டியிருக்கும்.

சித்தப்பா: சரி. சங்கத்தில் நான் பேசுகிறேன்.

பெரியப்பா: வெறும் இரண்டு வருடத்துக்கு இவ்வளவு பாடு தேவையா?

நான்: இரண்டு வருடம் நமக்குக் குறைவு பெரியப்பா. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது ஏறக்குறைய பாதி ஆயுள். கிறைஸ்ட்சர்ச்சில் பழைய சலவை இயந்திரத்தில் காசு போட்டால் பாட்டும் விளக்கும் வருகிற மாதிரி ஒரு நடனமேடை செய்து, மனை மனையாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். பாரிஸில் மூடிப்போன ஒரு பழைய மருத்துவமனை வளாகம், 3 ஹெக்டேருக்கு மேல். புதுக் குடியிருப்பு வரும்வரை 2015 முதல் 2020 வரை அங்கே வீடில்லாத நூற்றுக்கணக்கானவர்கள் தங்கினார்கள், பக்கத்திலேயே பட்டறைகளும் தோட்டமும் நடந்தன. சொன்னபடி 2020-இல் காலி செய்து கொடுத்தார்கள்.

*மாலை 5:40*

அத்தை: மத்தியானம் முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தோட்டம்கூட வேண்டாம். நிழலில் ஒரு பெஞ்சு போதும். மாமா போனபிறகு மாலையில் உட்கார்ந்து பேச இந்தத் தெருவில் ஓர் இடம் இல்லை. வேலி உயரமாக இருப்பதால் அந்தப் பக்கம் நடக்கவே பயமாக இருக்கிறது.

நான்: அத்தை, வேலி எப்படி இருக்க வேண்டும் என்பதை அமெரிக்காவின் ஃபிலடெல்பியாவில் செய்து பார்த்திருக்கிறார்கள். 541 காலி மனைகளை எடுத்து, சிலவற்றில் மட்டும் குப்பையை அகற்றிப் புல்லும் நாலைந்து மரங்களும் வைத்தார்கள். சுற்றிலும் இடுப்பளவு மரவேலி, உள்ளே போகத் திறப்போடு. 2018-இல் வந்த ஆய்வின்படி, ஏழ்மையான பகுதிகளில் அந்த மனைகளைச் சுற்றி துப்பாக்கி வன்முறை 29% குறைந்தது. அக்கம்பக்கத்தார் மனச்சோர்வாக உணர்வதும் குறைந்திருக்கிறது. எல்லாம் வெளியிலிருந்து உள்ளே பார்க்கவும் நுழையவும் முடிகிற ஒரு வேலியும் கொஞ்சம் புல்லும்தான். உங்கள் பெஞ்சைத்தான் முதலில் போட வேண்டும்.

அத்தை: இரண்டு வருடம் உட்கார்ந்து பழகிவிட்டு எழுந்து போ என்றால் வலிக்காதா கண்ணு?

நான்: வலிக்கும் அத்தை. அதை மறைக்க எனக்கு மனமில்லை. நியூயார்க்கில் 1973-இல் லிஸ் கிறிஸ்டியும் நண்பர்களும் குப்பை மனை ஒன்றைத் தோட்டமாக்கினார்கள். அதைப் பார்த்து நகரமெங்கும் நூற்றுக்கணக்கில் தோட்டங்கள் வந்தன. 1999-இல் நகர நிர்வாகம் நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்களை ஏலம் விடப் போனது. இரண்டு அமைப்புகள் விலை கொடுத்து வாங்கிக் காப்பாற்றின. 2000-இல் எஸ்பெரான்சா என்ற தோட்டத்தை, ஆட்கள் உள்ளே சங்கிலியால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதும் இடித்தார்கள். வெளியேறும் தேதியை முதலிலேயே பேசி வைத்தால்தான் இப்படி ஆகாது. வருடக்கணக்காக வளர்த்தவர்கள் கண்முன்னே அது போனது. நமக்கு அது நடக்கக்கூடாது.

*இரவு 9:05*

பெரியப்பா: ஒப்பந்தத்தை நானே எழுதித் தருகிறேன். குத்தகை என்ற சொல்லே வரக்கூடாது. குத்தகை என்றால் நிலத்தின்மேல் ஓர் உரிமை வந்துவிடும், அந்தச் சொல்லைப் பார்த்தாலே மனைக்காரர் மிரண்டுவிடுவார். பயன்படுத்தும் அனுமதி என்று மட்டும் எழுதுவோம். வெளியேறும் தேதியை முதல் வரியிலேயே போடுவேன். அதோடு, தேதி முன்னால் வந்தால் மூன்று மாத அறிவிப்புத் தர வேண்டும், தள்ளிப்போனால் நம் அனுமதியும் அதே அளவு நீள வேண்டும். அந்த இரண்டாவதை அவரிடம் வாதாடி வாங்குவது என் பொறுப்பு.

நான்: பெரியப்பா, இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்!

அத்தை: அண்ணா, நீ ஒத்துக்கொண்டாயே, அதுவே போதும். சரி, அந்த மெத்தையை யார் எடுப்பது?

அண்ணன்: நாளைக் காலை ஆறரைக்கு நானும் தம்பியும் வருகிறோம். மனைக்காரரிடம் சாவிக்குச் சொல்லியாகிவிட்டது. அத்தை, மண் எடுக்க ஐந்து சுத்தமான பிளாஸ்டிக் பை வேண்டும். அந்த எழுத்துகளை எங்கே கொட்டினார்கள் என்று நீங்கள் வந்து காட்டுங்கள், முதல் பை அங்கேதான்.

அத்தை: வருகிறேன். கண்ணை மூடிக்கொண்டே காட்டுவேன்.