5,299 வெள்ளிக்கு விஷன் புரோ: வேலைக்கும் படத்துக்கும் சேர்த்துத் தகுமா?

கேள்வி

வணக்கம். நான் சிங்கப்பூரில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. வாடகைக்கு எடுத்திருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு அறையில் மடிக்கணினி வைக்கும் அளவுக்கே மேசை இருப்பதால், பெரிய திரைகளுக்குப் பதிலாக, தலையில் அணிந்து கண்முன்னே திரைகளைக் காணும் கருவியான ஆப்பிள் விஷன் புரோ வாங்கலாமா என்று பல மாதங்களாக யோசித்து வருகிறேன். 2024 ஜூனில் இங்கு விற்பனைக்கு வந்தபோது அதன் தொடக்க விலை 5,299 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). பகலில் நிரல் எழுதவும் இரவில் படம் பார்க்கவும் உண்மையாகவே பயன்படுமானால், அந்த விலையை ஏற்றுக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். அலுவலகம் கொடுத்திருப்பது மேக்புக். நான் கண்ணாடி அணிபவன். பயன்படுத்திப் பார்த்தவர்கள் தங்கள் கருத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1

எல்லாவற்றுக்கும் முன்பு, உங்கள் மேக்புக் யாருடைய கணக்கில் இயங்குகிறது என்று பாருங்கள். மேக்கின் திரையை விஷன் புரோவுக்குள் விரிக்க வேண்டுமானால், இரண்டு கருவிகளிலும் ஒரே ஆப்பிள் கணக்கில் நுழைந்திருக்க வேண்டும். அலுவலகக் கணினியில் சொந்தக் கணக்கைச் சேர்க்க ஐடி பிரிவு சம்மதிக்காவிட்டால், நீங்கள் வாங்க நினைக்கும் முதன்மைக் காரணமே அடிபட்டுப் போய்விடும்.

அனுமதி கிடைத்துவிட்டால், வசதி பெரிதுதான். 2024 டிசம்பரில் வந்த மென்பொருள் மேம்பாட்டுக்குப் பிறகு, இரண்டு 5கே திரைகளை அருகருகே வைத்ததற்கு ஈடான வளைந்த ஒற்றைத் திரை கிடைக்கிறது. என் தயக்கமெல்லாம் எழுத்தின் கூர்மையைப் பற்றியது. இரு கண்களுக்குமாக 2.3 கோடி பிக்சல்கள் இருந்தாலும், அவை பார்வைப் பரப்பு முழுவதும் பரவுவதால், பார்வைக் கோணத்தின் ஒரு டிகிரிக்குச் சுமார் 34 பிக்சல்களே கிடைக்கின்றன. மேசையில் கையெட்டும் தொலைவில் இருக்கும் 27 அங்குல 4கே திரையில் இது ஏறத்தாழ இரண்டு மடங்கு. அரைப்புள்ளியா முக்காற்புள்ளியா என்று உற்றுப் பார்க்க வேண்டிய இடங்களில் எழுத்தின் அளவைக் கூட்டுவீர்கள்; கூட்டியதும் திரையில் தெரியும் வரிகள் குறைந்துவிடும். நாள் முழுவதும் நிரல் படிக்கும் ஒருவருக்கு இது சிறிய குறை அன்று.

பதில் 2

மேலே சொன்னவரோடு நானும் உடன்படுகிறேன், ஆனால் படம் பார்ப்பதற்கு இதற்கு இணையாக நான் எதையும் கண்டதில்லை. இருட்டுக் காட்சி உண்மையான கறுப்பாகவே தெரிகிறது. முப்பரிமாணப் படங்களில் திரையரங்குக் கண்ணாடியில் வரும் மங்கல் இல்லை. தடையாக நிற்பது எடை. முதல் மாடல் 600 முதல் 650 கிராம் வரை. 2025 அக்டோபரில் வந்த, எம்5 சில்லு கொண்ட மாடல், பாரத்தைச் சமன்செய்யும் புதிய பட்டையோடு சேர்த்து 750 முதல் 800 கிராம் வரை. மின்கலம் தனியே கம்பியில் தொங்கும். படம் முடிந்ததும் கழற்றிவிடலாம், ஆனால் எட்டு மணி நேர வேலைக்கு நடுவே கன்னத்திலும் நெற்றியிலும் விழும் அழுத்தத்தை மறக்க முடியாது.

இன்னொன்று, நீங்கள் மணமானவராக இருந்தால் இதையும் சேர்த்து யோசியுங்கள்: முகத்தில் பொருந்தும் உறை உங்கள் முகத்துக்கு அளவெடுத்தது, கண்ணாடிக்குப் பதிலாக உள்ளே பொருத்தும் ஸைஸ் (Zeiss) நிறுவன வில்லை உங்கள் கண்ணுக்கானது. அருகில் உட்கார்ந்திருப்பவருக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது.

பதில் 3

கண்ணாடி அணிபவர் என்பதால், ஆர்ச்சர்ட் சாலை, மரினா பே சேண்ட்ஸ், சாங்கி விமான நிலைய ஜுவல் ஆகிய இடங்களிலுள்ள ஆப்பிள் கடை ஒன்றில் முன்பதிவு செய்து, இலவசச் செயல்விளக்கத்துக்குச் செல்லுங்கள். அவர்கள் காட்டும் டைனோசரையும் மலைக்காட்சியையும் வைத்து முடிவெடுக்காதீர்கள்; சஃபாரி இணைய உலாவியைத் திறந்து, நீங்கள் அன்றாடம் படிக்கும் தொழில்நுட்ப ஆவணம் ஒன்றை, வழக்கமான எழுத்தளவில், கண் சோரும் வரை படித்துப் பாருங்கள். மலிவான மாற்று வேண்டுமென்றால், 2023இல் 499 அமெரிக்க டாலருக்கு வந்த மெட்டா குவெஸ்ட் 3 என்ற தலையணிக் கருவி இருக்கிறது. அது 515 கிராம்தான், ஆனால் எழுத்து விஷன் புரோவைவிடவும் மங்கலாகத் தெரியும் என்பதால் உங்கள் வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். என்னைக் கேட்டால், மேசை விளிம்பில் இறுக்கிப் பொருத்தும் தாங்கியோடு ஒரு நல்ல 4கே திரையை வாங்குங்கள்; மேசையில் இடம் அடைக்காது, ஐடி பிரிவின் அனுமதியும் வேண்டியதில்லை.