நாற்காலியும் கிருபையும்: பிரெய்னர்டை யேல் வெளியே அனுப்பியது சரியா?

மருதன்72:
1741-42 குளிர்காலத்தில் டேவிட் பிரெய்னர்ட் என்ற மாணவரை அமெரிக்காவின் யேல் கல்லூரி நீக்கியதைப் பற்றிப் பேசினாலே, 'ஆசிரியரைப் பழித்தார், அனுப்பிவிட்டார்கள்' என்று முடித்துவிடுகிறார்கள். நடந்தது இதுதான். ட்யூட்டர், அதாவது கல்லூரி ஆசிரியர், சான்சி விட்டல்சி ரொம்ப உருக்கமாக ஜெபம் பண்ணியிருந்தார். அப்புறம் கூடத்தில் பிரெய்னர்டும் நெருங்கிய நண்பர்கள் இரண்டு மூன்று பேரும் மட்டும் நின்றார்கள். அவரைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று ஒருவர் கேட்க, 'இந்த நாற்காலிக்கு இருக்கிற கிருபைதான் அவருக்கும்' என்றார் பிரெய்னர்ட். தேவ கிருபை துளியும் இல்லை என்று அர்த்தம். வெளியே இருந்த முதலாண்டுப் பையன் காதில் அது விழுந்தது. யாரைச் சொன்னார்கள் என்றுகூட அவனுக்குத் தெரியாது. அவன் ஊரில் ஒரு பெண்ணிடம் சொல்ல, அவர் கல்லூரித் தலைவரான ரெக்டர் தாமஸ் கிளாப்பிடம் போய்ச் சொன்னார். வாய் திறக்கத் தயங்கிய நண்பர்களைக் கிளாப் வற்புறுத்திச் சொல்லவைத்தார். தனியாகப் பேசிய ஒரு வார்த்தைக்கு மொத்தக் கல்லூரிக்கும் முன்னால் நின்று தப்பை அறிக்கையிடு என்றார்கள், அவர் மறுத்ததும் நீக்கிவிட்டார்கள். அது என்ன நியாயம்?

தென்கரையான்:
அண்ணா, பாதியை விட்டுவிட்டீர்கள். 1740 அக்டோபரில் எழுப்புதல் பிரசங்கியார் ஜார்ஜ் விட்ஃபீல்ட் கல்லூரி இருந்த நியூ ஹேவனுக்கு வந்தார், அடுத்த மார்ச்சில் இன்னொரு பிரசங்கியார் கில்பர்ட் டென்னன்ட். எழுப்புதல், அதாவது பக்தி எழுச்சி, பற்றிக்கொண்டது, கூடவே 'இந்தப் போதகர் மனந்திரும்பாதவர்' என்று பேர் வைக்கும் பழக்கமும் வந்தது. ரெக்டரையோ ட்யூட்டர்களையோ மாயக்காரர், மனந்திரும்பாதவர் என்று சொன்னால் முதல் தடவை பொது அறிக்கை, இரண்டாம் தடவை நீக்கம் என்று 1741 செப்டம்பரிலேயே நிர்வாகிகள் விதி போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் இவர் பேசினார். ரெக்டர் தடுத்தும், ஊர்ச் சபையை விட்டுப் பிரிந்தவர்கள் நடத்திய பிரிவினைக் கூட்டத்துக்குப் போனார். கல்லூரியில் ஒழுங்கு எவ்வளவு குலைந்தது என்றால், 1742இல் கிளாப் மாணவர்களைக் கொஞ்ச காலம் வீட்டுக்கே அனுப்ப வேண்டியதாயிற்று. அவர் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

மருதன்72:
விதி முதல் தடவைக்கு அறிக்கை கேட்கிறது, சரி. மனசாட்சிக்கு எதிராக ஒருவரை அறிக்கையிட வைக்கலாமா என்பதுதான் என் கேள்வி. டென்னன்டைத் தேடிப் பக்கத்து ஊரான மில்ஃபோர்டுக்குப் போன மாணவர்களுக்கு அபராதம் போட்ட ரெக்டர் செத்து விழாதது ஆச்சரியம் என்று சொன்னதாகவும் ஒரு குற்றச்சாட்டு. சொன்னவர் ஒரே ஒருவர். அப்படிப் பேசிய ஞாபகமே இல்லை என்றார் பிரெய்னர்ட்.

கோட்டைவாசல்:
புனித ஜார்ஜ் கோட்டை ஆளுநர் எலிஹு யேலைப் பற்றி வாசிக்கப்போய்த்தான் அவர் பேர் கொண்ட இந்தக் கல்லூரியின் கதைக்குள் வந்தேன். இருவரும் அங்கே படித்த கிளீவ்லண்ட் சகோதரர்களை மறந்துவிட்டீர்கள். 1744இல் ஜானும் எபனேசரும் விடுமுறைக்குக் கனெக்டிகட்டின் கேன்டர்பரியில் இருந்த வீட்டுக்குப் போனார்கள். அப்பா அம்மா பிரிந்த சபைக் கூட்டத்துக்குப் போனபோது கூடப் போனார்கள். அந்த ஊர்ச் சபையில் பெரும்பாலோர் அந்தப் பக்கம்தான். அதற்காக 1745 தொடக்கத்தில் நீக்கினார்கள். யாரையும் திட்டியதாகக்கூட இல்லை.

தென்கரையான்:
அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். பெற்றோரோடு ஆராதனைக்குப் போகும் பிள்ளையைக் கல்லூரி தண்டிப்பது கொடுமை. கிளாப் அங்கே எல்லை மீறினார். ஆனால் பிரெய்னர்ட் விஷயம் வேறு. 1743 அறிக்கையில் அவரே, விட்டல்சியைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, நியாயமும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அவருக்கே தப்பு என்று பட்டதை நாம் ஏன் சரி என்று வாதாட வேண்டும்?

மருதன்72:
நாக்கு தப்பியது, அதை ஒப்புக்கொள்கிறேன். என்னைக் கேட்டால், விட்டல்சியிடம் தனியாகவே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஆனால் அந்த அறிக்கைக்குக் கிடைத்த பதில் என்ன? போதகரும் இறையியலாளருமான ஜோனதன் எட்வர்ட்ஸ் உட்படப் பலர் பரிந்து பேசியும், இன்னும் 12 மாதம் கல்லூரியில் இருந்தால்தான் பட்டம் என்றார்கள். அவர் அதற்குள் பூர்வகுடிகளிடையே ஊழியத்தில் இறங்கியிருந்தார், அந்த ஊழியத்துக்கு அனுப்பியவர்கள் சம்மதிக்கவில்லை. 1743 செப்டம்பர் 14, அவருடைய வகுப்புக்குப் பட்டமளிப்பு. இன்று நான் பட்டம் வாங்கியிருக்க வேண்டும் என்று நாட்குறிப்பில் எழுதினார். நான்கு வருடத்தில் எட்வர்ட்ஸ் வீட்டிலேயே காசநோயில் இறந்தார். வயது 29.