அறுபதைத் தாண்டிய பிறகு ஏற்காட்டில் தங்குவது பற்றி

ஓய்வு பெற்றவர்கள் எங்கே போகிறீர்கள், எப்படித் திட்டம் போடுகிறீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் சேலத்துக்காரி, அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்களுக்கு ஏற்காடு முப்பது கிலோமீட்டர்தான். பக்கத்தில் இருப்பதாலேயே சேலத்தில் பலர் காலையில் ஏறி மாலையில் இறங்கிவிடுகிறார்கள். வயதானவர்களுக்கு இது சரிப்படாது என்பது என் உறுதியான எண்ணம். இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஒரே நாளில் இரண்டு தடவை கடந்தால் தலைசுற்றல்தான் மிச்சம். ஏறினால் ஒரு வாரமாவது தங்க வேண்டும்.

இதை எனக்குப் புரிய வைத்தவர் ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்ற மலைமுனையில் சந்தித்த ஓர் அம்மா. எழுபதைத் தாண்டியவர், ஈரோட்டுப் பக்கம். கீழே சேலம் நகரத்து விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும் நேரம். அவர் வீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் பேச்சுக் கொடுத்தேன்.

"எங்கேம்மா தங்கியிருக்கீங்க? சமையல் வசதி இருக்குங்களா?"

"அதெல்லாம் வேண்டாம்னு சொல்லித்தான் கண்ணு ரூம் பிடிச்சோம். அடுப்பு இருந்தா அவர் ரசம் கேப்பாரு, நானும் வெச்சுக் குடுத்துருவேன். அப்புறம் நான் எதுக்கு மலைக்கு வரோணும்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் எனக்கு அது ஆழமாகப் பட்டது. ஆணுக்கு ஐம்பத்தெட்டிலோ அறுபதிலோ ஓய்வு வந்துவிடுகிறது. சமைக்கிறவளுக்கு எந்த அரசாணையும் ஓய்வு தருவதில்லை. வாடகை வீடு எடுத்து, அரிசி பருப்பு கட்டிக்கொண்டு போனால் செலவு குறையும், உண்மைதான். அவளுக்கு அது இடம் மாறிய சமையலறை, அவ்வளவுதான். காரம் ஒத்துக்கொள்ளாது, சர்க்கரை இருக்கிறது என்றால் முன்கூட்டியே கேட்டுவிட்டால் போதும். இட்லி, இடியாப்பம், ரசம் சாதம் செய்து தர ஏற்காட்டில் ஆள் இருக்கிறார்கள்.

அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். காசிக்கு அறுபது வயதிலேயே போய்விட்டார்களாம், கங்கைக் கரைப் படிகளில் முழங்கால் ஒத்துழைத்த காலத்தில். கஷ்டமான ஊரை முதலில் முடித்துவிட்டு, சுலபமானதைப் பின்னால் வைத்துக்கொள்வது அவர்கள் கணக்கு. ஏற்காட்டுக்குள்ளேயும் அதே கணக்கு உண்டு. கிளியூர் அருவிக்கு நிறையப் படி இறங்கி, திரும்ப ஏற வேண்டும். மூட்டு வலி உள்ளவர்கள் விட்டுவிடலாம். பக்கோடா பாயிண்ட், அண்ணா பூங்கா, ஏரிக்கரை இதெல்லாம் நடக்கச் சுகம். சேர்வராயன் கோயில் 5,326 அடி உயரத்தில் இருந்தாலும் வண்டி கிட்டத்தட்ட கோயில் வரை போகும். சாமி இருக்கும் குகைக்குள் மட்டும் நன்றாகக் குனிந்து போக வேண்டும், இடுப்பு வலிக்காரர்கள் கவனம்.

எப்போது போவது? மே மாதம் வேண்டவே வேண்டாம். கோடை விழா நேரத்தில் ஏரிப் பக்கம் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, அறை வாடகையும் ஏறிவிடும். பள்ளி விடுமுறைக்குக் கட்டுப்பட்டிருந்த காலம் முடிந்துவிட்டதே, செவ்வாய், புதன் என்று வார நடுவில் ஏறுங்கள். எனக்குப் பிடித்தது மார்ச், ஏப்ரல். முதல் கோடை மழை விழுந்து ஒரு வாரம், பத்து நாளில் காப்பித் தோட்டங்கள் வெள்ளையாகப் பூத்துவிடும். மல்லிகை போன்ற அந்த வாசம் சில நாள்தான் இருக்கும். தேதி குறித்துக்கொண்டு போய்ப் பார்க்க முடியாது, மழை பெய்த செய்தி கேட்டதும் கிளம்ப வேண்டும். வேலையில் இருந்தவரை என்னால் அதைப் பார்க்க முடிந்ததே இல்லை.

வடகிழக்குப் பருவமழை சமயத்தில் தங்கத் திட்டம் போட்டால் மருந்து மாத்திரை கூடுதலாகவே இருக்கட்டும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. குப்பனூர் வழியாக இன்னொரு சாலை இருக்கிறது, டிரைவரிடம் அதையும் கேட்டு வையுங்கள். ஏற்காட்டிலேயே அரசு மருத்துவமனை உண்டு. ஆனால் நெஞ்சு வலி போன்ற பெரிய சிகிச்சைக்குச் சேலத்துக்குத்தான் இறங்க வேண்டும். அதனால் இதய நோய் உள்ளவர்கள் கிளம்புமுன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அறை பிடிக்கும்போது நான் போனில் கேட்பது: தரைத்தளமா, வெஸ்டர்ன் டாய்லெட்டா, அதில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கிறதா, வெந்நீர் விடிகாலையில் வருமா. "எல்லாம் இருக்கும்மா" என்று பொதுவாகச் சொன்னால் நான் விடுவதில்லை, போட்டோ அனுப்பச் சொல்வேன். மலையில் கட்டிடங்கள் சரிவில் இருப்பதால் தரைத்தளம் என்று சொல்லும் அறைக்கே பத்துப் படி இறங்க வேண்டியிருக்கும்.

அடுத்து கொல்லிமலை போகலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். அங்கே எழுபது வளைவுகள், அவருக்கோ கழுத்து எலும்புத் தேய்மானம். அறுபத்தைந்துக்கு மேல் போய்த் தங்கி வந்தவர்கள் யாராவது இருந்தால், பயணம் உடம்புக்கு எப்படி இருந்தது, படி இல்லாத அறை எங்கே கிடைத்தது என்று எழுதுங்கள்.