படலைக்கு வெளியே நின்றவர்கள்: திருகோணமலையின் கொரோனாக் கால அனுபவங்கள்

உவர்மலையிலிருந்து

கொரோனாக் காலம் என்றதும் எல்லோரும் எண்ணிக்கையைத்தான் சொல்கிறார்கள். இலங்கையில் 16,000 பேருக்கு மேல் இறந்தார்கள் என்பது எனக்கும் தெரியும். அந்த நாட்களில் எங்கள் படலைக்கு வந்தவர்களையும் வராமல் விட்டவர்களையும் பற்றி யாரும் எழுதியதாகக் காணவில்லை. நான் தொடங்குகிறேன், நீங்களும் எழுதுங்கள்.

2020 மார்ச் 20 மாலை ஆறு மணிக்கு நாடு முழுக்க ஊரடங்கு போட்டபோது எங்களுக்குப் பெரிய பயம் இருக்கவில்லை. திருகோணமலையில் வளர்ந்த எங்கள் வயதுக்காரருக்கு ஊரடங்கு என்ன புதிதா? மாமி பழைய பழக்கத்தில் அரிசி, பருப்பு, மா, மெழுகுதிரி எல்லாம் முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டார். அவருடைய கிளினிக் மருந்தைக்கூடத் தபால்காரர் வீட்டுக்கே கொண்டுவந்து தந்தார். ஜூன் 28இல் ஊரடங்கை முழுதாக எடுத்தபோது, சரி, தப்பிவிட்டோம் என்றுதான் நினைத்தோம்.

எங்கள் முறை 2021 மே மாதம் வந்தது. புதுவருடத்துக்குப் பிறகு எழும்பிய மூன்றாம் அலை. ஒரு பின்னேரம் என் கணவருக்குப் பீ.சி.ஆர். பொசிட்டிவ் என்று தொலைபேசியில் சொன்னார்கள். இரவு எட்டு மணிக்கு அம்புலன்ஸ் வந்தது. ஒழுங்கை முழுக்க யன்னல்கள் திறந்திருந்தன, ஒரு வீட்டிலும் விளக்கு எரியவில்லை. அவர் ஒரு பையோடு தானாகவே நடந்துபோய் ஏறினார். மறுநாள் காலை பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து தனிமைப்படுத்தல் அறிவித்தலைப் படலையில் ஒட்டினார். உள்ளே நான், மாமி, இரண்டு பிள்ளைகள். பதினான்கு நாள்.

அந்தத் தாள் ஒட்டிய பிறகு ஒழுங்கையால் போகிறவர்கள் எங்கள் படலையடிக்கு வந்ததும் எதிர்மதிலோடு உரசிக்கொண்டு நடந்தார்கள். சொந்தக்காரர் ஒருவர் அழைத்து, "நாங்கள் போன ஞாயிறு வந்துபோனதைப் பீ.எச்.ஐ.யிடம் சொல்லிப்போடாதே பிள்ளை" என்றார். உங்களுக்குக் காய்ச்சல் இருக்கிறதா, சாப்பிட்டீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கு அழுதேன். அவர்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது, பயம் இருந்திருக்கும் என்பது பிறகுதான் விளங்கியது.

மூன்றாம் நாள் காலை பாண் ஓட்டோவின் இசை கேட்டது. எங்கள் வீட்டைக் கடந்து போய்விடும் என்று நினைத்தேன். இரண்டு வீடு தள்ளி நின்றது. பாண்காரத் தம்பி இறங்கி வந்து ஒரு பையைப் படலைக் கொளுக்கியில் மாட்டிவிட்டு, பத்தடி பின்னால் போய் நின்று, "அக்கா, எடுங்கோ" என்று கூப்பிட்டார். நான் காசை நீட்டினேன். வேண்டாம், கொப்பியில் எழுதுகிறேன், பிறகு தாருங்கள் என்றார். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் காசுத் தாளை டெட்டோல் தண்ணீரில் நனைத்து, கொடியில் கிளிப் குத்திக் காயப்போடுவோம். ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்று பிள்ளைகளின் காலுறைக்குப் பக்கத்தில் தொங்கியது இப்போதும் கண்ணில் நிற்கிறது. அந்தத் தாளை அவருக்குக் கொடுக்க வேண்டும் என்றுதான் கழுவி வைத்தேன். அவர் வாங்கவே இல்லை.

பன்னிரண்டு நாள் தவறாமல் வந்தார். பையில் ஒவ்வொரு நாளும் நான் கேட்காத இரண்டு கிம்புலா பணிஸ் இருக்கும். தாள் கிழித்த அன்று கொப்பியை வாங்கிப் பார்த்தேன். பாண், பாண், பாண் என்று மட்டும் எழுதியிருந்தது. பணிஸ் ஒன்றுகூடக் கணக்கில் இல்லை.


திருக்கடலூரிலிருந்து

அக்கா, உங்களுக்கு மே மாதம் என்றால் எங்களுக்கு 2020 ஒக்டோபர். கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள பேலியகொடை மீன் சந்தையில் தொற்றுக் கண்டுபிடித்தார்கள் என்று செய்தி வந்த அடுத்த நாளே கூலர் லொறி ஒன்றும் கரைக்கு வரவில்லை. மீனால் கொரோனா பரவும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. சந்தையில் மனிதர்கள் நெருக்கியடித்து நின்றதால் மனிதருக்கு மனிதர் பரவியது, அவ்வளவுதான். ஆனால் சனம் மீனைப் பார்த்துப் பயந்தது. நல்ல பாரை, அறுக்குளா, பாதி விலைக்கும் கேட்க ஆளில்லை.

வெளியூர்க்காரர் ஒருவர் என்னிடம், விற்காவிட்டால் கருவாடு போட்டிருக்கலாமே என்று கேட்டார். எங்கள் கரையில் ஒக்டோபர் கடைசி என்றால் வாடைக்காற்று தொடங்கிவிடும். மழை விடாது. கருவாட்டுக்கு வெயில் வேண்டும். வாடிக்குள் உப்புப் போட்டு அடுக்கிய மீன் மூன்றாம் நாளே நொதுநொதுவென்று ஆகிப் புழு வைத்துவிட்டது. நானும் தம்பியும் கடற்கரையில் குழி வெட்டிப் புதைத்தோம். எங்கள் கையால் பிடித்த மீனை நாங்களே புதைத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. எண்ணெய்க் கடன் மட்டும் அப்படியே நின்றது.

நவம்பரில் முன்னாள் மீன்பிடி இராஜாங்க அமைச்சர் திலிப் வெதஆரச்சி செய்தியாளர் முன்னால் ஒரு பச்சை மீனைக் கடித்துக் காட்டினார். கைத்தொலைபேசியில் அதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்களுக்காக ஒருவராவது வாயைத் திறந்தாரே என்று இருந்தது.

பிறகு சைக்கிளில் பெட்டி கட்டி வீடு வீடாகப் போனேன். படலையைத் திறக்காமலே கையைக் காட்டி அனுப்புவார்கள். ஒரு ஒழுங்கையின் கடைசி வீட்டில் ஒரு ஆச்சி மட்டும் சட்டியோடு வெளியே வந்தார். "மகன், கடலில் கிடந்ததுக்கு என்ன கொரோனா? புளி விட்டுக் கொதிக்க வைத்தால் எல்லாம் செத்துப்போகும்" என்றார். ஒரு கிலோ கீரி மீன் வாங்கினார். மற்ற நாளும் வரச் சொன்னார். மூன்றாம் நாள் அவருடைய பக்கத்து வீட்டுக்காரரும் சட்டியோடு நின்றார். மாதக் கடைசியில் அந்த ஒழுங்கையில் ஒன்பது வீடு என்னிடம் வாங்கியது. இன்றைக்கும் அந்த ஒன்பது வீட்டுக்குக் கொடுத்துவிட்டுத்தான் சந்தைக்குப் போகிறேன்.


நிலாவெளியிலிருந்து

என் கதை சின்னது. ஆறு அறை விடுதி. எங்கள் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரைதான் சீசன். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்போடு ஒரு சீசன் போனது, 2020இல் அடுத்தது, 2021இல் அதற்கடுத்தது. புறாமலைக்குப் படகு ஓட்டிய பையன்கள் கூலி வேலைக்குப் போனார்கள். என் படலைக்கு வந்தவர் லீசிங் காசு கேட்டு வந்தவர் மட்டும்தான். அவரும் வெயிலில் நின்று தலையைக் குனிந்துகொண்டுதான் கேட்டார். அவருக்கும் அது வேலை.


கிண்ணியாவிலிருந்து

எங்களுக்கு நோயைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அதை எழுதாமல் இந்தப் பேச்சு முடியக்கூடாது.

2020 ஏப்ரலில் வர்த்தமானி போட்டுக் கொரோனாவில் இறந்த எல்லோரையும் எரிக்க வேண்டும் என்றார்கள். புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் கேட்கவில்லை. அந்த வருடம் முழுக்க வாப்பாவுக்கு இழுப்பு. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றால் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொள்வார். "மௌத்தாவதற்குப் பயம் இல்லை மகள், நெருப்புக்குக் கொடுத்துவிடாதே." இதையே இரவு முழுக்கச் சொல்வார். நாங்கள் யன்னலைச் சாத்திக்கொண்டு அவருக்கு ஆவி பிடிக்க வைத்தோம். இருமல் சத்தம் வெளியே கேட்டால் யாராவது பீ.எச்.ஐ.யிடம் சொல்லிவிடுவார்கள் என்று பயம். சுகாதாரத்துக்கு எதிராக நடக்க வேண்டும் என்று யாருக்கும் ஆசை இல்லை. ஆனால் ஒரு வீட்டை அந்த நிலைக்குத் தள்ளினால் நோய் ஒளிந்துகொள்ளும், பரவும். அதை அன்று யாரும் யோசிக்கவில்லை.

டிசம்பரில், பிறந்து இருபது நாளான குழந்தையைக் கொழும்பில் எரித்த செய்தி வந்தது. அதன் பிறகு நாட்டின் பல இடங்களில் எதிர்ப்பாக வெள்ளைத் துணி கட்டினார்கள். நானும் இறந்தவரைச் சுற்றும் கஃபன் துணியில் ஒரு துண்டு கிழித்து எங்கள் கேற்றில் கட்டினேன். ஆலங்கேணியில் என்னோடு படிப்பிக்கும் ஒரு டீச்சர் இருக்கிறார், சைவர். அடுத்த நாள் ஒரு படம் அனுப்பினார். அவர் வீட்டுப் படலையில் வெள்ளைச் சேலைக் கரை ஒன்று கட்டியிருந்தது. கீழே ஒன்றும் எழுதவில்லை. நானும் பதில் எழுதவில்லை, எழுத வரவில்லை.

2021 பெப்ரவரி கடைசியில் அனுமதி வந்தது, மார்ச்சில் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கத் தொடங்கினார்கள். ஓகஸ்டில் என் மாமா போனார். மூதூர், வெருகல், வாகரை தாண்டி அவ்வளவு தூரம். கூடப் போக எங்கள் வீட்டில் இரண்டு பேரைத்தான் விட்டார்கள். மாமி கேற்றைப் பிடித்தபடி, வாகனம் திரும்பிய மூலையையே பார்த்துக்கொண்டு நின்றார். மற்ற மதத்தவர்களும் அங்கே அடக்கப்பட்டிருக்கிறார்கள் என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள்.

2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. பத்திரிகையை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரும்ப ஒருமுறை வாசி என்றார்.


மூதூர் கிழக்கிலிருந்து

நான் உயர்தர வகுப்பு ஆசிரியர். 2020 ஓகஸ்டில் நடக்க வேண்டிய பரீட்சை ஒக்டோபருக்குத் தள்ளிப்போனது. 2021 பிள்ளைகளுக்கு அடுத்த வருடம் பெப்ரவரி வரை இழுத்தது. சூம் வகுப்பு என்று மேலிடத்தில் சுலபமாகச் சொல்லிவிட்டார்கள். என் வகுப்பில் முப்பத்தொரு பேர், சூமில் தெரிந்தவர்கள் ஏழு பேர். ஒரு பிள்ளை குளக்கட்டில் குடை பிடித்துக்கொண்டு நின்று கேட்பாள், அங்கேதான் சிக்னல் வரும். காற்றடித்தால் எனக்கு அவளுடைய குரலுக்குப் பதில் குடைத் துணி படபடப்பதுதான் கேட்கும்.

அப்புறம் வினாத்தாளை அச்சடித்து மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்ப் படலையில் சொருகினேன். கிராம சேவகர்தான் ஊரடங்குப் பாஸ் எடுக்க உதவினார். திரும்பப் போகும்போது விடைத்தாள் அதே இடத்தில் இருக்கும், மழை நனைக்காமல் ஷொப்பிங் பையில் சுற்றி. ஒரு வீட்டில் விடைத்தாளோடு இரண்டு முருங்கைக்காயும் இருந்தது. இன்னொரு வீட்டில் ஒன்றும் இல்லை. மூன்று தடவை போனேன். பொடியன் மேசன் வேலைக்குப் போய்விட்டான் என்று தாய் படலைக்கு வராமலே உள்ளிருந்து சொன்னார். அவன் திரும்பி வரவில்லை. கணக்கில் கெட்டிக்காரன். அவனுடைய வினாத்தாள் இன்னும் என் மேசை லாச்சியில் இருக்கிறது.


உவர்மலையிலிருந்து, திரும்பவும்

எல்லோருடையதையும் இரண்டு தரம் வாசித்தேன். கிண்ணியாச் சகோதரி, உங்களுக்கு எழுத எனக்கும் சொல் வரவில்லை, மன்னியுங்கள்.

பாண் கணக்கைத் தீர்த்தீர்களா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கணவர் சுகமாகி வீட்டுக்கு வந்த பிறகு, பன்னிரண்டு நாளுக்கு இருபத்துநான்கு பணிஸ் என்று நான் கணக்குப் பார்த்து, பாண் காசோடு சேர்த்து நீட்டினேன். பாண் காசை எண்ணி எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தந்துவிட்டார். "அது பிள்ளைகளுக்குத் தந்தது அக்கா" என்றார்.

அவருடைய ஓட்டோவின் இசைப்பெட்டி அப்போது கரகரவென்று இழுக்கும். என் கணவர் மின்வேலை செய்பவர். ஒரு ஞாயிறு ஓட்டோவை எங்கள் படலைக்குள் விடச் சொல்லி, பெட்டியைக் கழற்றி, வயரை மாற்றி, புது ஸ்பீக்கர் போட்டுக் கொடுத்தார். இரண்டு பேரும் முற்றத்தில் குந்தியிருந்து தேத்தண்ணீர் குடித்தார்கள். மாஸ்க் இரண்டும் மாமரக் கொப்பில் தொங்கின. மகன் ஸ்பீக்கரைச் சோதிக்கிறேன் என்று ஒழுங்கை முழுக்கக் கேட்கிற மாதிரிப் போட்டுவிட்டான். எதிர்வீட்டு ஆட்கள், இந்த நேரத்தில் பாணா என்று கதவைத் திறந்துகொண்டு வந்தார்கள்.