ஆவுளியாவுக்காக இழுவை மடியை நிறுத்தச் சொல்வது நியாயமா?

சேதுக்கரையான்:
2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியா என்கிற கடல்பசுவுக்கான காப்பகமாக அரசு அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் பாக் விரிகுடாவில் இழுவை மடி, அதாவது விசைப்படகு கடல் தரையோடு இழுத்துப் போகிற வலை, ஓடுகிற வரைக்கும் அந்த அறிவிப்பால் பெரிய பலன் இருக்காது. ஆவுளியா தின்பது கடற்புல். மடியின் பலகையும் சங்கிலியும் தரையை உரசிப் போகும்போது புல் வேரோடு பிடுங்கிக்கொண்டு வருகிறது. பல வருசத்துக்கு ஒரே ஒரு குட்டி போடுகிற பிராணி, தீனியும் போனால் எப்படிப் பிழைக்கும்? இழுவை மடியை அடியோடு நிறுத்த வேண்டும்.

விசைப்படகு_ராமேஸ்வரம்:
தம்பி, ஆவுளியாவை நாங்க யாரும் தேடிப் போய்ப் பிடிக்கல. இறால் ஏத்துமதி ஆகணும்னு மானியம் கொடுத்து விசைப்படகு வாங்கச் சொன்னதே அரசாங்கம்தான். இப்ப நாங்க குத்தவாளியா? 2017ல இழுவைப் படகை விட்டுட்டு ஆழ்கடல் படகுக்கு மாறச் சொல்லி ஆழ்கடல் திட்டம்னு கொண்டு வந்தாங்க. படகு 80 லட்சம். 70 சதவீதம் மானியம், சரி. மிச்சத்துல 8 லட்சம் கையில இருந்து, 16 லட்சம் பேங்க் லோன். சூரைக்குத் தூண்டில் போட்டு நாள்கணக்கா நடுக்கடல்ல கிடக்கணும். ஒரு ராத்திரி தங்கல் போய்ப் பழகின பசங்க அதுக்கு வர மாட்டேங்குறாங்க. மீன் பெருகத்தானே வருசா வருசம் 61 நாள் படகைக் கட்டிப் போடுறோம்?

நாட்டுப்படகு:
அண்ணே, அந்த 61 நாள்ல பொரிச்ச குஞ்சையெல்லாம் தடை முடிஞ்ச முதல் வாரத்துலயே அள்ளிட்டு வந்துடுறீங்களே. படகுத் துறையில சங்காயத்தை, அதான் விலை போகாத கழிவு மீனை, கொட்டுறப்ப ஒரு கூடையைக் கிளறிப் பாருங்க. விரல் நீளத்துல ஊளி, நகரை, காரல் மீன் குஞ்சுங்க. ஓடு இறுகாத நண்டுக்குஞ்சு. நடுவுல பச்சை மாறாத கடற்புல், அதுல சுத்திக்கிட்டுச் செத்த கடல்குதிரை. அத்தனையும் கோழித் தீவனத்துக்குப் போகுது. அந்தப் புல்லுக்குள்ளதான் இறாலும் நண்டும் வளருது. நாங்க நண்டு வலை விடுறதும் அதை நம்பித்தான். ஆவுளியாவை விடுங்க, நம்ம சோத்துக்கே அதுதானே வேர்?

யாழ்_கடலோடி:
எங்கட பக்கம், இலங்கையில, 2017இல சட்டம் போட்டு இழுவை மடியைத் தடை செய்தாச்சு. அங்க தரை வெறுமையாகினதாலதானே உங்கட றோலர் எண்ட இழுவைப் படகெல்லாம் எல்லை தாண்டி இங்க வருது? இரவில விட்ட வலையளைக் காலையில அறுந்தபடிதான் எடுக்கிறம். நீங்களும் தமிழர், நாங்களும் தமிழர். இதைச் சொல்லவே மனசு நோகுது.

விசைப்படகு_ராமேஸ்வரம்:
வலை அறுந்த கஷ்டம் எனக்கும் தெரியும் அண்ணே, அதை மறுக்கல. ஆனா பட்டணத்துச் சாக்கடையும் இறால் பண்ணைக் கழிவும் இதே புல் மேலதான் விழுது. அதைப் பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்கல.

சேதுக்கரையான்:
சாக்கடையையும் பண்ணைக் கழிவையும் தடுக்கத்தான் வேண்டும், அதில் உங்களோடு நிற்கிறேன். அதற்காக இழுவை மடியைக் கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது. புல்லை வேரோடு எடுப்பது மடிதான். ஆழ்கடல் படகுக்கு முழு மானியம், கடலில் வேலை பார்க்கிறவர்களுக்குப் பயிற்சிக் காலத்தில் மாதச் சம்பளம் இரண்டையும் சேர்ந்து கேட்போம். கைவிட்ட இழுவைப் படகை இன்னொருவருக்கு விற்காமல் உடைத்துவிட வேண்டும். சம்மதமா?

விசைப்படகு_ராமேஸ்வரம்:
உடைக்கிற படகுக்கு என்ன விலை போடுவாங்கன்னு முதல்ல எழுத்துல கொடுக்கச் சொல்லுங்க. அதைப் பாத்துட்டுத்தான் சங்கத்துல பேச முடியும்.