தூண்களை எங்கே நிறுத்துவது என்பதைக் கணினியிடம் விடலாமா?

வரைபலகை:
ஆறு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றின் தூண் அமைப்பைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். வழக்கமாக இரண்டு மூன்று அமைப்புகளைக் கையால் வரைந்து, அதில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இந்த முறை தூண் இடைவெளி, பீம் ஆழம், லிஃப்ட் நிற்கும் இடம் மூன்றையும் மாறிகளாக்கி கிராஸ்ஹாப்பர் என்ற வடிவமைப்பு மென்பொருளில் ஓடவிட்டேன். கான்கிரீட் குறைய வேண்டும், பகல் வெளிச்சம் உள்ளே வரை எட்ட வேண்டும், தூண் இல்லாத இடம் பெரிதாக வேண்டும். மூன்றும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்பவை. ஆயிரக்கணக்கில் உருவானதில் நாற்பது அமைப்புகள் மிஞ்சின. ஒன்றை விட்டுக்கொடுக்காமல் இன்னொன்றைக் கூட்ட முடியாதவை, அதாவது பாரெட்டோ எல்லையில் இருப்பவை. எதைக் கொடுத்து எதைப் பெறுகிறோம் என்பதை இவ்வளவு தெளிவாக நான் பார்த்ததே இல்லை. இப்படிக் கணினியை விட்டு அமைப்புகளை உருவாக்கித் தேடும் ஜெனரேட்டிவ் டிசைன்தான் இனி முதல் படியாக இருக்க வேண்டும் என்கிறேன்.

கம்பிக்கணக்கு:
ஒத்துக்கொள்ள மாட்டேன். அதே பீம், அதே சீரான சுமை. ஸ்பானை, அதாவது தாங்கிகளுக்கு இடையிலான நீளத்தை, இரட்டித்தால் பீமை வளைக்கும் பெண்டிங் மொமென்ட் 4 மடங்கு, தொய்வு 16 மடங்கு. இது மனதில் ஊறியவருக்கு நாற்பது படம் தேவையில்லை.

அதைவிடப் பெரிய பயம் வேறு. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் விளையாட்டரங்கின் கூரை 1978 ஜனவரி 18 அதிகாலையில் பனிச்சுமையோடு இடிந்து விழுந்தது. சில மணி நேரம் முன்புவரை உள்ளே ஆயிரக்கணக்கானோர் கூடைப்பந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேல்பக்கக் கம்பிகளுக்கு நடுவில் பிடிமானம் இருப்பதாகக் கணினிக் கணக்கு எடுத்துக்கொண்டது; உண்மையில் அந்தப் பிடிமானம் போதவில்லை.

வரைபலகை:
அது சரிபார்க்கும் கணக்கில் நடந்த தவறு, ஐயா. அமைப்பைத் தேடும் முறையின் தவறு இல்லையே?

கம்பிக்கணக்கு:
தேடும்போதுதான் அது இன்னும் ஆபத்து! கணக்கில் ஒரு ஓட்டை இருந்தால், கையால் வரைபவர் அதில் விழுவது தற்செயல். உங்கள் நிரலுக்கோ ஓட்டைதான் லாபம். பக்கவாட்டுக் காற்றைக் கணக்கில் சேர்க்க மறந்தீர்களென்றால், காற்றைத் தாங்கும் சுவரைத்தான் முதலில் மெலிய வைக்கும். அதில் கான்கிரீட் மிச்சம். சிறந்த விடை என்று உங்கள் முன் வந்து நிற்பது பெரும்பாலும் கணக்கு பலவீனமாக உள்ள இடம்.

சாரம்:
சைட்டில் நிற்கிறவன் ஒரு வார்த்தை சொல்கிறேன். இப்படி உருவான வரைபடம் ஒன்று எங்களிடம் வந்தது. ஒரே மாடியில் பதினொரு விதமான பீம் அளவு. கான்கிரீட் மிச்சமானது உண்மை. ஆனால் ஒரு இடத்தில் கழற்றிய ஷட்டரிங் பலகை (கான்கிரீட் ஊற்றும் அச்சு) அடுத்த இடத்தில் பொருந்தவில்லை. கம்பி கட்டுபவர்கள் பீமுக்குப் பீம் வரைபடத்தைப் புரட்ட வேண்டியிருந்தது. மிச்சப்படுத்தியதெல்லாம் அங்கே கரைந்தது. எத்தனை விதமான அளவு என்பதையும் ஒரு இலக்காக வையுங்கள்.

வரைபலகை:
சாரம் சொன்னதை நேற்றே சேர்த்து, எத்தனை விதமான அளவு வரலாம் என்பதற்கு ஒரு வரம்பு வைத்து ஓட்டினேன். நாற்பதில் பாதிக்கு மேல் அடிபட்டுப் போயின. விட்டதைச் சேர்த்ததும் படம் மாறியது எனக்கு இந்த முறையின் பலமாகவே படுகிறது.

எண்ணாக்கக் கடினமானவற்றையும் முயன்றிருக்கிறார்கள். வடிவமைப்பு மென்பொருள் நிறுவனமான ஆட்டோடெஸ்க் தன் டொராண்டோ அலுவலகத்துக்கு 10,000-க்கும் மேற்பட்ட அமைப்புகளை உருவாக்கி ஆறு அளவுகோல்களில் ஒப்பிட்டது. யார் யாருக்கு அருகில் உட்கார விரும்புகிறார்கள் என்பதும் அதில் ஒன்று.

ஒன்றை மட்டும் யாரும் செய்ய வேண்டாம்: கான்கிரீட்டுக்கு 50, வெளிச்சத்துக்கு 30 என்று எடை போட்டுக் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்குவது. பாரெட்டோ எல்லைக்கோடு உள்வாங்கி வளையும் இடத்தில் உள்ள அமைப்புகள், எடையை எப்படி மாற்றினாலும் அந்தக் கூட்டலில் முதலிடத்துக்கு வராது. நடுவாந்தரமான நல்ல தீர்வுகள் பல அங்கேதான் இருக்கும்.

கம்பிக்கணக்கு:
எடை விஷயத்தில் உங்கள் பக்கம்தான். ஆனால் உரிமையாளரிடம் காட்டும் முன் தேர்ந்த மூன்றை வேறொருவர், வேறு மென்பொருளில், காற்றும் நிலநடுக்கமும் சேர்த்துக் கணக்கிட்டாக வேண்டும். ஒருமுறை படத்தைப் பார்த்து மயங்கியவரை யாரும் திருப்ப முடியாது.

வரைபலகை:
முதலில் காட்ட வேண்டும் என்பது என் கட்சி. இன்று காலை காட்டிவிட்டேன். அவர் பார்த்துவிட்டு, "மூன்றாம் மாடியில் ஆவண அறை வரும்" என்றார். இதற்கு முன் நடந்த எந்தக் கூட்டத்திலும் அவர் சொல்லாத விஷயம்.

கம்பிக்கணக்கு:
ஆவண அறையின் சுமை சாதாரண அலுவலக அறையைவிட அதிகம். அப்படியென்றால் மிஞ்சிய அத்தனை அமைப்பும் குறைந்த சுமைக்குப் போட்டவை. அலமாரி எந்தப் பக்கம், எவ்வளவு உயரம் என்று எழுதி வாங்குங்கள். அந்த அறைக்குக் கீழே உள்ள தூண்களை நான் கையால் கணக்கிட்டு இங்கே போடுகிறேன். நீங்களும் மறுபடி ஓட்டுங்கள், பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.