புக் ஃபைல்ல சிங்க்ரனைஸ் கொடுத்ததும் கட்டுரைகள் எல்லாம் குழம்பிடுச்சு – இன்டிசைன் தெரிஞ்சவங்க உதவணும்

பக்கம்நூறு:
வணக்கம். ஒரு கட்டுரைத் தொகுப்பு வேலை. இன்டிசைன்ல (பக்கம் வடிவமைக்கிற மென்பொருள்) ஒவ்வொரு கட்டுரையும் தனி ஃபைல், எல்லாத்தையும் ஒரு புக் ஃபைல்ல சேர்த்திருக்கோம். ரெண்டு பேர் வேலை பார்க்கிறோம், ஃபைல் எல்லாம் ஆபீஸ் சர்வர்ல இருக்கு. ஸ்டைல், அதாவது ஃபான்ட், அளவு மாதிரி பேர் வச்சுச் சேமிச்ச அமைப்பு, எல்லாத்துலயும் ஒண்ணா இருக்கட்டும்னு புக் பேனல்ல சிங்க்ரனைஸ் கொடுத்தோம்.

இப்ப பெரும்பாலான கட்டுரைகள்ல கொம்பு, இரட்டைக்கொம்பு எல்லாம் எழுத்துக்குப் பின்னாடி போய் நிக்குது. யாழ்ப்பாணத்துல இருந்து வந்த ரெண்டு கட்டுரை முழுக்க இங்கிலீஷ் எழுத்தும் செமிகோலனுமா ஆயிடுச்சு, ஆனா அதுலயே சில மேற்கோள் வரி மட்டும் நல்லா இருக்கு. பக்கத்துக்கு மேல வர்ற தலைப்பு எல்லாத்துலயும் காணோம். இதுல வேடிக்கை, ஒரே ஒரு கட்டுரையில உடல் எழுத்து துளிகூட மாறல. கன்ட்ரோல் இசட் அடிச்சா எதுவும் திரும்பல. ஃபைல் கெட்டுப்போச்சா? அடுத்த வாரம் அச்சுக்குப் போகணும்.

ஈயஎழுத்து:
பதறாதீங்க. சேமிக்கிறதை மட்டும் நிறுத்துங்க. புக் பேனல்ல இடப்பக்கம் ஒரு சின்ன ஐகான் எந்த ஃபைலுக்கு நேரா இருக்கு? முதல்ல அதைச் சொல்லுங்க.

பக்கம்நூறு:
முதல் ஃபைலுக்கு நேரா. தலைப்புப் பக்கமும் காப்புரிமைப் பக்கமும் இருக்கிற ஃபைல் அது.

ஈயஎழுத்து:
அதுதான் நினைச்சேன். அந்த ஐகான் இருக்கிற ஃபைல்தான் ஸ்டைல் சோர்ஸ். நீங்க மாத்தலைன்னா, புக்ல முதல்ல சேர்த்த ஃபைல் தானாகவே சோர்ஸ் ஆயிடும். சிங்க்ரனைஸ் பண்றப்ப சோர்ஸ்ல இருக்கிற பேரும் மத்த ஃபைல்ல இருக்கிற பேரும் ஒண்ணா இருந்தா, சோர்ஸ்ல இருக்கிறது மேல ஏறி உட்கார்ந்துக்கும். சோர்ஸ்ல இல்லாத ஸ்டைலைத் தொடாது. இந்த ஒரு விதியை வச்சே உங்க நாலு கோளாறையும் பிரிச்சிடலாம்.

கொம்பு: சோர்ஸ் ஃபைல்ல "பாடி" (உடல் எழுத்து) ஸ்டைலைத் திறந்து ஜஸ்டிஃபிகேஷன் பகுதியில கம்போசர், அதாவது எழுத்தை வரியில அடுக்குற முறை, என்னன்னு பாருங்க. வெறும் "அடோபி பாராகிராஃப் கம்போசர்"னு இருக்கும். தமிழுக்கு "வேர்ல்ட் ரெடி பாராகிராஃப் கம்போசர்" வேணும், இல்லைன்னா கொம்பை முன்னாடி கொண்டுவந்து வைக்காது. காப்புரிமைப் பக்கத்துல அந்த ஸ்டைல்ல இங்கிலீஷ் வரிதான் இருந்திருக்கும், அதனால யார் கண்ணுக்கும் தெரிஞ்சிருக்காது.

யாழ்ப்பாணக் கட்டுரை: அது யூனிகோட் இல்லை. செமிகோலன் நிறைய வருதுன்னா பாமினி, இங்கிலீஷ் எழுத்துகளோட இடத்துல தமிழ் வடிவத்தை வச்ச பழைய ஃபான்ட். அதுல புள்ளிக்குச் செமிகோலன்தான் சாவி. சிங்க்ரனைஸ் பண்ணதும் "பாடி" ஸ்டைலோட ஃபான்ட் உங்க யூனிகோட் ஃபான்ட்டா மாறிடுச்சு. உள்ளே இருக்கிற எழுத்து அப்படியேதான் இருக்கு, மேல போட்ட சட்டைதான் மாறியிருக்கு. நல்லா இருக்கிற மேற்கோள் வரிகளைச் செலக்ட் பண்ணிப் பாருங்க. அங்க ஸ்டைல் பேருக்குப் பக்கத்துல பிளஸ் குறி இருக்கும். யாரோ ஃபான்ட்டைக் கையால கொடுத்திருக்காங்க, அதனால தப்பிச்சிருக்கு.

பக்கத் தலைப்பு: சிங்க்ரனைஸ் ஆப்ஷன்ஸ்ல மாஸ்டர் பேஜஸ் (எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான அச்சுப் பக்கம், புது வெர்ஷன்ல பேரன்ட் பேஜஸ்னு பேர்) டிக் ஆகியிருக்கும். தலைப்புப் பக்க ஃபைல்ல ஏ-மாஸ்டர் காலியா இருக்கும், அந்தக் காலி மாஸ்டர்தான் எல்லாத்துலயும் போய் உட்கார்ந்திருக்கு.

மாறாத கட்டுரை: அந்த ஃபைல்ல ஸ்டைல் பேர் இங்கிலீஷ்ல சின்ன எழுத்துல தொடங்குதான்னு பாருங்க. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் இருந்தா இன்டிசைனுக்கு அது வேற ஸ்டைல். உங்களுக்கு இது அதிர்ஷ்டமா போச்சு, ஆனா பின்னாடி தலைவலி.

கன்ட்ரோல் இசட் ஏன் வேலை செய்யலைன்னா, சிங்க்ரனைஸ் நடந்தப்ப திறந்திருந்த ஃபைலை மட்டும்தான் அது திருப்பும். மூடியிருந்ததை இன்டிசைனே திறந்து, மாத்தி, சேமிச்சு மூடிடும்.

கலர்பிளேட்:
மேல சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கோங்க. ஸ்டைலை ஃபோல்டர்ல பிரிச்சு வச்சிருந்தா ஆப்ஷன்ஸ்ல "ஸ்மார்ட் மேட்ச் ஸ்டைல் குரூப்ஸ்" டிக் பண்ணுங்க. இல்லைன்னா ஒரு ஃபைல்ல ஃபோல்டருக்குள்ள இருக்கிற அதே ஸ்டைல் வெளியேயும் இன்னொண்ணா முளைக்கும். ஆனா ஒரே ஃபைல்ல ஒரே பேர்ல ரெண்டு ஸ்டைல் ஏற்கெனவே இருந்தா இந்த டிக் பிரயோஜனப்படாது.

பக்கம்நூறு:
அண்ணே, நாலும் நீங்க சொன்ன மாதிரியே! பேக்கப் இருக்கு, ஆனா அதுக்கப்புறம் மெய்ப்புத் திருத்தம் நிறைய போட்டாச்சு. பழையதுக்குப் போக மனசு வரல. எந்த வரிசையில சரி பண்றது?

ஈயஎழுத்து:
பழையதுக்குப் போக வேண்டாம். முதல்ல சோர்ஸை மாத்துங்க: ஒழுங்கா இருக்கிற ஒரு கட்டுரையோட பேக்கப்பை எடுத்து, உள்ளே இருக்கிறதை அழிச்சிட்டு, ஸ்டைலும் மாஸ்டரும் மட்டும் வச்ச ஒரு ஃபைலா புக்ல சேருங்க. கட்டுரைப் பெயரை மாஸ்டர்ல தட்டி வைக்காம ரன்னிங் ஹெடர் டெக்ஸ்ட் வேரியபிள் போடுங்க, அந்தந்தக் கட்டுரையோட தலைப்பு தானா வரும். கம்போசரைச் சரிபாருங்க. அப்புறம் அந்த ஃபைலுக்கு நேரா இடப்பக்கக் கட்டத்தைச் சொடுக்கினா அது சோர்ஸ். அச்சுக்கு பிடிஎஃப் எடுக்கும்போது மட்டும் அதைத் தேர்வுல சேர்க்காதீங்க. புக்கோட கடைசியில வச்சா பக்க எண்ணும் குழம்பாது.

பாமினி ஃபைல் ரெண்டுலயும் ஸ்டைல் பேரை "பாமினி பாடி"ன்னு மாத்தி, ஃபான்ட்டைத் திரும்பப் பாமினியாக்குங்க. பேர் வேறங்கிறதால சிங்க்ரனைஸ் இனி அதைத் தொடாது. நேரம் இருந்தா யூனிகோடுக்கு மாத்துங்க. என்.எச்.எம். கன்வெர்ட்டர் போதும், ஆனா வெட்டி ஒட்டுறப்ப போல்டு, சாய்வெழுத்து போயிடும், மறுபடி மெய்ப்புப் பார்க்கணும். அடுத்த வாரம் அச்சுன்னா நான் பாமினியாவே விட்டுடுவேன்.

சின்ன எழுத்து ஸ்டைலை டிலீட் பண்ணுங்க. எதை வச்சு மாத்தணும்னு கேட்கும், பெரிய எழுத்து "பாடி"யைக் காட்டுங்க. இதெல்லாம் முடிஞ்ச பிறகு எல்லா ஃபைலையும் திறந்து வச்சுக்கிட்டு சிங்க்ரனைஸ் கொடுங்க. அப்பதான் கன்ட்ரோல் இசட் கைகொடுக்கும். பூட்டு ஐகான் இருந்தா உங்க கூட்டாளி அதைத் திறந்து வச்சிருக்கார், அவரை மூடச் சொல்லுங்க.

பக்கம்நூறு:
கொம்பு வந்துடுச்சு, தலைப்பும் வந்துடுச்சு. சில பக்கத்துல மட்டும் பக்க எண் ரெண்டா தெரியுது?

ஈயஎழுத்து:
அந்தப் பக்கங்கள்ல மாஸ்டர் ஐட்டத்தை ஓவர்ரைடு பண்ணியிருப்பாங்க, அதாவது அந்தப் பக்கத்துல மட்டும் தனியா மாத்தியிருப்பாங்க. மாஸ்டரை முதல் தடவை சிங்க்ரனைஸ் பண்ணும்போது அது மாஸ்டர்லேர்ந்து கழன்று தனியா நின்னுடும். பழையதைக் கையால அழிக்கணும், வேற வழி இல்லை.

பக்கம்நூறு:
சரிண்ணே. இன்னொண்ணு: ஒரே வரைபடம் பல கட்டுரையில வருது. நான் லிங்க் பண்ணது கூட வேலை பார்க்கிறவருக்கு மிஸ்ஸிங்னு வருது, அவர் ரீலிங்க் பண்ணா எனக்கு மிஸ்ஸிங். அடோபியோட கிளவுட் லைப்ரரியில (ரெண்டு பேரும் இணையத்துல பகிர்ந்துக்கிற இடம்) போட்டா ஸ்டைல், படம் ரெண்டுக்கும் சேர்த்து இந்தப் பிரச்சனை தீருமா?

கலர்பிளேட்:
படத்துக்குத் தீரும், ஸ்டைலுக்குத் தீராது. லைப்ரரியிலேர்ந்து வச்ச படம் லிங்க்காவே நிக்கும், அங்க மாத்தினா லிங்க்ஸ் பேனல்ல அப்டேட் கேட்கும். ஸ்டைலும் நிறமும் அப்படியில்லை. ஒரு தடவை ஃபைலுக்குள்ள வந்துட்டா லைப்ரரியில மாத்துறது இங்க வராது. அதுக்கு புக் சிங்க்ரனைஸ்தான்.

ஆனா உங்க பிரச்சனைக்கு லைப்ரரி வரைக்கும் போக வேண்டாம். சர்வரை உங்க மெஷின்ல ஒரு டிரைவ் எழுத்துலயும் அவர் மெஷின்ல வேற எழுத்துலயும் மேப் பண்ணியிருக்கீங்களான்னு பாருங்க. ரெண்டுலயும் ஒரே எழுத்தா மாத்திட்டு, லிங்க்ஸ் பேனல் மெனுவுல ரீலிங்க் டு ஃபோல்டர் ஒரு தடவை கொடுங்க.

பக்கம்நூறு:
எனக்கு இசட், அவருக்கு ஒய். மாத்தறோம்.